போவிஸ் ஏர்ல் பட்டமும் கிளைவ் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த போவிஸ் ஏர்ல்கள்? நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

வேல்ஸில், இங்கிலாந்து எல்லையை ஒட்டி வெல்ஷ்பூல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு பாறை மேட்டில் செந்நிறக் கல்லில் கட்டிய கோட்டைதான் போவிஸ் கோட்டை. அந்தக் கோட்டையையும் அதைச் சுற்றிய நிலங்களையும் வைத்திருந்த குடும்பத்துக்குக் கிடைத்த பட்டம்தான் 'ஏர்ல் ஆஃப் போவிஸ்'. பிரிட்டனில் இப்படி நூற்றுக்கணக்கான பட்டங்கள் உண்டு. எல்லாவற்றையும் நாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனால் இந்தப் பட்டத்தை 1804ல் வாங்கியவர், அதற்கு முந்தைய வருடம்வரை சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து சென்னை மாகாணத்தை ஆண்டவர். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் அவர் கவர்னராக இருந்தபோதுதான். இந்த ஒரு காரணம் போதாதா?

ஏர்ல் என்பது எவ்வளவு பெரிய பதவி?

பதவி இல்லை, அந்தஸ்து. மேலிருந்து கீழாக டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், விஸ்கவுன்ட், பேரன் (Baron) என்று ஐந்து படி, அதில் ஏர்ல் நடுப்படி. பெரிய பட்டம் வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் கீழ்ப்படிப் பட்டங்களும் சேர்ந்தே இருக்கும். அவற்றில் ஒன்றை மூத்த மகன் மரியாதைக்காகப் பயன்படுத்திக்கொள்வார். போவிஸ் ஏர்லின் மூத்த மகனை 'விஸ்கவுன்ட் கிளைவ்' என்று அழைப்பது அப்படித்தான். அப்பா இருக்கும்வரை அது வெறும் அழைப்புப் பெயர், அதை வைத்து நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது.

கோட்டையை இந்தக் குடும்பம்தான் கட்டியதா?

இல்லை. கட்டியவர்கள் 13ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை ஆண்ட வெல்ஷ் சிற்றரசர்கள். ஹெர்பர்ட் குடும்பம் காசு கொடுத்து வாங்கியது 1587ல். வாங்கியவர் சர் எட்வர்ட் ஹெர்பர்ட். பெம்ப்ரோக் ஏர்லின் இரண்டாவது மகன். மூத்தவனுக்கே எல்லாம் போகும் முறையில் இளைய மகன்கள் தனக்கென்று ஓர் இடம் தேடிக்கொள்ள வேண்டும், இவர் தேடியது இங்கே. இவர் மகன் வில்லியம் 1629ல் போவிஸ் பேரன் ஆனார், அவருடைய மகனின் மகன் இன்னொரு வில்லியம் 1674ல் ஏர்ல் ஆனார், 1687ல் மார்க்குவிஸும் ஆனார். நூறு வருடத்துக்குள் இளைய மகன் வீடு இவ்வளவு உயரம் ஏறியது பெரிய விஷயம்தான். இறங்கியது அதைவிட வேகம்.

முதல் ஏர்ல் ஏன் நாட்டைவிட்டுப் போனார்?

அவர் கத்தோலிக்கர். அன்றைய இங்கிலாந்தில் அது ஆபத்தான விஷயம். 1678ல் கத்தோலிக்கர்கள் ராஜாவைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று டைட்டஸ் ஓட்ஸ் என்ற ஒரு புளுகன் கிளப்பிவிட்ட கதையை நாடே நம்பியது. ஐந்து கத்தோலிக்கப் பிரபுக்களைப் பிடித்து லண்டன் டவரில் போட்டார்கள். போவிஸ் அதில் ஒருவர். அந்த ஐவரில் ஸ்டாஃபோர்ட் பிரபுவின் தலை 1680ல் போயே போய்விட்டது. போவிஸ் 1684ல்தான் வெளியே வந்தார்.

அடுத்த வருடம் கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் ராஜாவாகவே, இவருக்கு நல்ல காலம் பிறந்தது. மார்க்குவிஸ் பட்டம் வந்ததும் இந்த இடைவெளியில்தான். இவர் மனைவி எலிசபெத், பிறந்த குழந்தையான இளவரசனை வளர்க்கும் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டார். 1688 டிசம்பரில் ராஜாங்கம் கவிழ்ந்தபோது, ராணி கைக்குழந்தையோடு இரவோடு இரவாக பிரான்ஸுக்குத் தப்பிய அந்தப் பயணத்தில் எலிசபெத்தும் கூடவே போனார். கணவனும் பின்னாலேயே போனார். நாடிழந்த ஜேம்ஸ் இவருக்கு டியூக் பட்டம்கூடக் கொடுத்தார், ஆனால் நாடே கையில் இல்லாத ராஜா கொடுத்த பட்டத்தை இங்கிலாந்தில் யார் மதிப்பார்கள்? 1696ல் பிரான்ஸிலேயே இறந்தார். இதற்குள் புதிய ராஜா மூன்றாம் வில்லியம், போவிஸ் கோட்டையைத் தன்னோடு வந்த டச்சுக்காரரான ரோச்ஃபோர்ட் ஏர்லுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். முறைப்படி 1722ல்தான் அது மகன் கைக்குத் திரும்பி வந்தது.

இந்தக் குடும்பத்துப் பெண் ஒருவர் தன் கணவனுக்குப் பெண் வேடம் போட்டுச் சிறையிலிருந்து தப்பவைத்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சினிமாவில் வைத்தால் லாஜிக் இல்லை என்பார்கள், ஆனால் நடந்தது. அவர் பெயர் வினிஃப்ரெட், முதல் மார்க்குவிஸின் மகள். கணவர் ஸ்காட்லாந்துக்காரரான நித்ஸ்டேல் ஏர்ல். 1715ல் ஜேம்ஸின் மகனை அரியணையில் ஏற்ற நடந்த கலகத்தில் சேர்ந்து பிடிபட்டார், மரண தண்டனை. கணவனைப் பார்க்க பனி கொட்டும் குளிர்காலத்தில் ஸ்காட்லாந்திலிருந்து லண்டன்வரை வந்தார் வினிஃப்ரெட். ராஜாவின் அங்கியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை.

தலையை வெட்டுவதற்கு முந்தைய நாள், 1716 பிப்ரவரி 23. கடைசியாகப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லித் தோழிகளை ஒவ்வொருவராக உள்ளே கூட்டிப் போனார். ஒருத்தி இரட்டை உடை போட்டுக்கொண்டு வந்து ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று காவலாளிகளுக்குக் கணக்குத் தப்பும்படி அழுதுகொண்டே வருவதும் போவதுமாக இருந்தார்கள். கணவனின் புருவத்துக்கும் கன்னத்துக்கும் சாயம் பூசி, பாவாடை கட்டி, தலையில் முக்காடு போட்டு, அழும் பெண்ணாக வெளியே அனுப்பினார். அப்புறம் காலி அறைக்குத் திரும்பிப் போய், கணவனோடு பேசுகிற மாதிரி தானே கேள்வியும் பதிலுமாகக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அவர் ஜெபம் செய்கிறார், தொந்தரவு செய்யாதீர்கள் என்று வேலைக்காரனிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். இருவரும் கடைசிக்காலம்வரை ரோமில் வாழ்ந்தார்கள். என்னைக் கேட்டால், இந்த வம்சத்தில் பட்டத்துக்குத் தகுதியான ஆள் இந்த அம்மாதான்.

பட்டம் மூன்று முறை உருவாக்கப்பட்டது என்று எழுதுகிறார்களே, அது எப்படி?

பட்டம் ஆண் வழியில்தான் இறங்கும். ஆண் வாரிசு இல்லாவிட்டால் பட்டம் செத்துப்போகும். அதே பெயரில் ராஜா இன்னொருவருக்குப் புதிதாகக் கொடுத்தால் எண்ணிக்கை மறுபடி 'முதல்' என்று ஆரம்பிக்கும். போவிஸ் விஷயத்தில் 1674, 1748, 1804 என்று மூன்று முறை. ஆக 'முதலாம் போவிஸ் ஏர்ல்' என்று மூன்று பேர் இருக்கிறார்கள். பழைய ஆவணங்களைப் படிக்கும்போது எந்த முதலாம் ஏர்ல் என்று வருடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1748ல் மூன்றாவது மார்க்குவிஸ் கல்யாணமே செய்யாமல் இறந்தார். சொத்தைத் தூரத்து உறவினரான ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட்டுக்கு எழுதிவைத்திருந்தார். இவர் புராட்டஸ்டன்ட், அரசாங்கத்துக்கு வேண்டியவர். அதே வருடம் இவரை ஏர்ல் ஆக்கினார்கள். 1751ல் இவர், இறந்துபோன அந்த மார்க்குவிஸின் சகோதரன் மகளான பார்பராவைக் கட்டிக்கொண்டார், அதனால் பழைய ரத்தமும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினாறு வயதுகூட இருக்காது, மாப்பிள்ளைக்கு ஐம்பதை நெருங்கும். சொத்தைக் கட்டிக்காக்கும் கல்யாணங்களில் வயதுப் பொருத்தம் யார் பார்த்தார்கள்? இவர்களுடைய மகன் ஜார்ஜ் அடுத்த ஏர்ல், அவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் 1801ல் இறந்தார். பட்டம் இரண்டாவது தடவை செத்தது.

ராபர்ட் கிளைவ்தான் போவிஸ் பிரபுவா?

இல்லவே இல்லை. அதிகம் பேர் குழப்பிக்கொள்வது இங்கேதான். ராபர்ட் கிளைவ் போவிஸ் கோட்டைக்குச் சொந்தக்காரராக ஒருநாளும் இருந்ததில்லை. அவர் பிறந்தது 1725ல், பக்கத்து ஷ்ராப்ஷயரில், மார்க்கெட் டிரேட்டன் அருகே ஸ்டைச் என்ற இடத்தில். ஓரளவு நிலம் வைத்திருந்த, ஆனால் கையில் காசு இல்லாத குடும்பம். 1744ல் குமாஸ்தாவாகச் சென்னை வந்தார். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது மாறுவேடத்தில் தப்பிக் கடலூர் பக்கத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போனார். 1751ல் ஆற்காட்டைப் பிடித்து 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். 1753 பிப்ரவரியில் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலினைக் கட்டினார். 1757ல் பிளாசி. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.

பிளாசியில் வென்று மீர் ஜாஃபரை நவாப் ஆக்கியதற்குக் கிளைவின் கைக்கு வந்த தொகை 2,34,000 பவுண்டு. அதற்குமேல் வருடம் 27,000 பவுண்டு தரும் ஜாகிர், அதாவது நிலவரி வருமானத்தை அனுபவிக்கும் உரிமை. அந்தக் காசில் ஷ்ராப்ஷயரில் எஸ்டேட் எஸ்டேட்டாக வாங்கித் தள்ளினார். ஓக்லி பார்க் என்ற எஸ்டேட்டை அன்றைய போவிஸ் ஏர்லிடமிருந்தே வாங்கினார் என்பதைக் கவனியுங்கள். ஏர்லிடம் பட்டம் இருந்தது, கடனும் இருந்தது. கிளைவிடம் ரொக்கம் இருந்தது. அடுத்து வந்த கல்யாணத்துக்கு அஸ்திவாரம் இதுதான்.

அப்படியானால் ராபர்ட் கிளைவின் பட்டம் எது?

1762ல் 'பிளாசியின் பேரன் கிளைவ்' என்று கொடுத்தார்கள். கேட்க ஜோராக இருக்கும், ஆனால் அது அயர்லாந்துப் பட்டம். இங்கிலாந்துப் பட்டம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு இது ஏமாற்றம்தான். இங்கிலாந்துப் பட்டமாக இருந்தால் நேராகப் பிரபுக்கள் சபைக்குப் போயிருக்கலாம், அயர்லாந்துப் பட்டக்காரருக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் ஒரு வசதி, பட்டத்தோடேயே மக்கள் சபைத் தேர்தலில் நிற்கலாம், கிளைவும் கடைசிவரை ஷ்ரூஸ்பரி உறுப்பினராக இருந்தார். பட்டத்துக்கு ஏதாவது ஊர் வேண்டும் அல்லவா, அயர்லாந்தில் லிமெரிக் பக்கத்தில் வாங்கிய நிலத்துக்குப் பிளாசி என்றே பெயர் வைத்துவிட்டார். வங்காளத்து ஊர்ப் பெயர் அங்கே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

1773ல் நாடாளுமன்றத்தில் இவர் சொத்துச் சேர்த்த விதத்தைக் குடைந்தார்கள். நான் காட்டிய அடக்கத்தை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது என்று இவர் சொன்ன பதில் பிரபலம். 1774 நவம்பரில் லண்டன் வீட்டில் இறந்தார், 49 வயது. தற்கொலை என்பதே பரவலான கருத்து. மார்ட்டன் சே என்ற சின்னக் கிராமத்துத் தேவாலயத்தில் புதைத்தார்கள், இடத்தில் ஓர் அடையாளக் கல்கூட வைக்கவில்லை.

கட்டபொம்மன் காலத்துக் கிளைவ் யார்? பாடப்புத்தகத்தில் 'எட்வர்ட் கிளைவ்' என்று படித்த ஞாபகம்.

சரியான ஞாபகம். ராபர்ட்டின் மூத்த மகன் எட்வர்ட். 1754ல் பிறந்தவர். 20 வயதில் அப்பாவின் சொத்தும் அயர்லாந்துப் பட்டமும் வந்து சேர்ந்தன. 1784ல் போவிஸ் வீட்டுப் பெண் ஹென்ரியெட்டாவைக் கட்டினார். கல்யாணம் ஆகாத அந்தக் கடைசி ஹெர்பர்ட் ஏர்லின் தங்கை. இப்படித்தான் கிளைவ் காசும் ஹெர்பர்ட் பெருமையும் ஒரே வீட்டுக்குள் வந்தன.

1798 ஆகஸ்டில் சென்னை கவர்னராக வந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 10ஆம் தேதி ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் அந்தப் பிரசித்திபெற்ற மோதல். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி, கிளார்க் என்ற பெயருடையவர், கொல்லப்பட்டார், அமைச்சர் சிவசுப்பிரமணியபிள்ளை பிடிபட்டார். இதை விசாரிக்கப் போடப்பட்ட குழு கட்டபொம்மன்மேல் தப்பில்லை என்றது, ஜாக்சனைத்தான் பதவியிலிருந்து தூக்கினார்கள். எட்வர்ட் கிளைவ் நல்லவர் போலிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் மைசூரில் திப்புவோடு போர் வரப்போகிற நேரம், தெற்கே இன்னொரு முனையைத் திறக்கக் கம்பெனிக்கு விருப்பமில்லை என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 1799 மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்து திப்பு இறந்தார். கை ஓய்ந்ததும் பார்வை திருநெல்வேலிச் சீமைப் பக்கம் திரும்பியது. செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக்குப் படையோடு வந்தார், அக்டோபர் 16ல் கயத்தாறில் தூக்கு.

அதே மாதம் தஞ்சாவூர் சரபோஜி தன் நிர்வாக உரிமையைக் கம்பெனியிடம் ஒப்படைத்து ஒப்பந்தம் போட்டார். 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபின் மொத்தக் கர்நாடகமும் கம்பெனிக்கு வந்தது. அந்த அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள், நவம்பரில் ஊமைத்துரையை. டிசம்பரில் பாளையக்காரர்களும் மக்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கவர்னர் பெயரில் அறிவிப்பு. அப்பா கிளைவ் சென்னை மாகாணத்தில் செய்ததைவிட மகன் கிளைவின் ஐந்து வருடத்தில் நம் நிலப்பரப்பில் நடந்தது அதிகம் என்பது என் கருத்து. இதில் பெரும்பகுதியை ஓட்டியது கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, எட்வர்ட் கூச்ச சுபாவக்காரர், கெட்டிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை, எல்லாம் சரிதான். கையெழுத்து அவருடையது.

சென்னையில் எட்வர்ட் கிளைவ் விட்டுப்போன அடையாளம் ஏதாவது உண்டா?

ராஜாஜி மண்டபம். ஓமந்தூரார் தோட்டத்தில் உயரமான படிக்கட்டும் தூண்களுமாக நிற்கிறதே, அதேதான். எம்ஜிஆர், ஜெயலலிதா, கலைஞர் மூவரின் உடலையும் மக்கள் அஞ்சலிக்கு வைத்தது அங்கேதான், அதனால் டிவியில் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. எட்வர்ட் கிளைவ் அதைக் கட்டச் சொன்னது விருந்து மண்டபமாக. திட்டம் போட்டவர் ஜான் கோல்டிங்ஹாம், சென்னை வானாய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொண்ட வானியலாளர். 1802ல் திறந்தார்கள். வெளிச்சுவரின் மேல்பகுதியில் ஒரு பக்கம் பிளாசி வெற்றிக்கும் இன்னொரு பக்கம் ஸ்ரீரங்கப்பட்டின வெற்றிக்குமான சின்னங்கள். அப்பா வெற்றி ஒன்று, மகன் காலத்து வெற்றி ஒன்று. இவ்வளவு செலவா என்று லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் கடுப்பானார்கள்.

அவர் மனைவி தென்னிந்தியா முழுக்கச் சுற்றினாராமே?

ஆமாம், இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. கவர்னர் வேலையோடு சென்னையிலேயே கிடக்க, ஹென்ரியெட்டா 1800 மார்ச்சில் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூட அன்னா டொனெல்லி என்ற இத்தாலிய ஓவியர், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க. யானை, பல்லக்கு, மாட்டு வண்டிகள், காவலுக்குச் சிப்பாய்கள், பிள்ளைகள் பழகுவதற்குப் பியானோ. பெங்களூர், மைசூர், ஸ்ரீரங்கப்பட்டினம் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர் பக்கம் இறங்கி, திருச்சி, தஞ்சாவூர் வழியாக அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். ஆயிரம் மைலுக்கு மேல். போகிற வழியெல்லாம் கல், செடி, விதை, கிளிஞ்சல் என்று சேகரித்துக்கொண்டே போனார். திப்பு இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, அவருடைய அந்தப்புரப் பெண்களையும் போய்ப் பார்த்தார்.

இளைய மகள் சார்லட்டுக்கு அப்போது 12 வயது. அவள் எழுதிய பயணக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. இந்தப் பெண் பிற்பாடு நார்தம்பர்லாந்து டியூக்கின் மனைவி ஆனாள், அதோடு 1830களில் இளவரசி விக்டோரியாவின் படிப்பையும் பழக்கவழக்கத்தையும் கவனிக்கும் பொறுப்பையும் ஏற்றாள். ஆக, பின்னாளில் இந்தியாவின் பேரரசி என்று பட்டம் சூடிக்கொண்ட பெண்ணுக்கு வழிகாட்டியாக இருந்தவள், சிறுமியாகக் காவிரிக்கரையில் திரிந்தவள்.

1804ல் பட்டம் எப்படிக் கிடைத்தது? அப்புறம் ஏன் கிளைவ்கள் ஹெர்பர்ட்கள் ஆனார்கள்?

1801ல் இறந்த மச்சான் ஜார்ஜின் உயிலில் ஒரு வில்லங்கம் இருந்தது. கோட்டையும் நிலமும் தங்கைக்கோ மாப்பிள்ளைக்கோ இல்லை, தங்கை மகனுக்கு. அதுவும் கிளைவ் என்ற பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹெர்பர்ட் என்று மாற்றிக்கொண்டால்தான். எட்வர்ட் 1803ல் ஊர் திரும்பினார், சென்னையில் பார்த்த வேலைக்கும் மனைவி வழி உரிமைக்கும் சேர்த்து 1804 மே மாதம் மூன்றாவது தடவையாக போவிஸ் ஏர்ல் பட்டம் உயிர்பெற்றது. ஆக அப்பாவிடம் பட்டம், மகனிடம் கோட்டை. மகனும் 1807ல் சமர்த்தாகப் பெயரை மாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து போவிஸ் ஏர்ல்கள் ஆண்வழியில் ராபர்ட் கிளைவின் ரத்தம், பெயர் மட்டும் ஹெர்பர்ட். கிளைவ் என்ற பெயர் இரண்டாவது மகன் வழியாக விண்ட்ஸர்-கிளைவ் என்று இன்னொரு குடும்பத்தில் தொடர்கிறது.

எட்வர்ட் 1839வரை, 85 வயது தாண்டி வாழ்ந்தார். எண்பது வயதிலும் காலை ஆறு மணிக்குச் சட்டைக் கையோடு தோட்டத்தில் மண் கொத்திக்கொண்டிருப்பாராம்.

அடுத்த ஏர்லை அவர் மகனே சுட்டுக் கொன்றாரா?

கொலை இல்லை, விபத்து. 1848 ஜனவரியில் ஃபெசன்ட் பறவை வேட்டையில் மகனின் துப்பாக்கிக் குண்டு அப்பா மேல் பாய்ந்துவிட்டது, சில நாளில் இறந்தார். பாவம், அதற்கு முந்தைய வருடம்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தர் தேர்தலில் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட்டை எதிர்த்து நின்று நூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றிருந்தார். ராணியின் வீட்டுக்காரருக்கு எதிராக அவ்வளவு ஓட்டு வாங்கியதே பெரிது.

பெண் வாரிசுக்கு இந்தப் பட்டம் வராதா?

வராது. நான்காவது ஏர்ல் கதையைப் பாருங்கள். மூத்த மகன் 1916ல் முதல் உலகப்போரில் சோம் முனையில் காயப்பட்டு இறந்தார். தோட்டத்தைப் பார்த்துப் பார்த்து வளர்த்த மனைவி வயலெட், 1929ல் கார் விபத்துக்குப் பிறகு இறந்தார். இளைய மகன் 1943ல் விமான விபத்தில் போனார். அந்த மகனுக்கு டேவினா என்று ஒரு மகள், ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை. தாத்தாவின் ஏர்ல் பட்டம் அவளுக்குக் கிடையாது, 1952ல் அது ஒரு தூரத்துச் சொந்தக்காரருக்குப் போனது. ஆனால் பாட்டி வயலெட் வழியில் வந்த 'டார்சி டி நேய்த்' என்ற பழைய பேரன் பட்டம் பெண்ணுக்கும் இறங்கும் வகை, அது அவளுக்கு வந்தது.

டேவினா 1964ல் ஒரு கார் விபத்தில் கணவனை இழந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். 1968 பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்காகப் பிரபுக்கள் சபையில் பல வருடம் பேசினார். 1999ல் பரம்பரைப் பிரபுக்களைச் சபையிலிருந்து பெருவாரியாக வெளியேற்றியபோது தேர்வாகி உள்ளேயே இருந்த சிலரில் ஒருவர்.

திப்புவின் பொருட்கள் போவிஸ் கோட்டையில் இருப்பது உண்மையா? திருப்பித் தருவார்களா?

இருக்கின்றன. பூப்போட்ட பருத்தித் துணியில் தைத்த திப்புவின் பெரிய கூடாரத்தை இந்தக் குடும்பம் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டுப் பயன்படுத்தியிருக்கிறது. திப்புவின் சிம்மாசனக் கைப்பிடிக் கம்பியில் இருந்த தங்கப் புலித்தலைகளில் ஒன்று, கண்ணும் புருவமும் பல்லும் ரத்தினக் கல் பதித்தது, அது வெல்லெஸ்லி ஹென்ரியெட்டாவுக்குக் கொடுத்த பரிசு. வாள், பல்லக்கு, யானைத் தந்தச் சதுரங்கக் காய்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் பொருட்கள். 1987லிருந்து 'கிளைவ் அருங்காட்சியகம்' என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள்.

கோட்டையை 1952ல் நான்காவது ஏர்ல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிவைத்துவிட்டார். 2020ல் அந்த அமைப்பே தன் கையிலிருக்கும் மாளிகைகளில் காலனிய, அடிமை வியாபாரப் பணம் எவற்றில் கலந்திருக்கிறது என்று ஓர் அறிக்கை போட்டது, போவிஸும் அதில் உண்டு. ஒப்புக்கொள்வது ஒன்று, திருப்பித் தருவது வேறொன்று. போரில் சூறையாடியது, பரிசாக வந்தது, விலைக்கு வாங்கியது எல்லாம் ஒரே அறையில் கலந்து கிடப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழக்குப் பேச வேண்டியிருக்கும். ஆனால் திப்பு இறந்ததால்தான் அந்தப் புலித்தலை பரிசாகக் கொடுக்கும் பொருளாக ஆனது என்பதையும் மறைக்க முடியாது. ராபர்ட் கிளைவ் சேர்த்த பொருட்களில் ரத்தினம் பதித்த முகலாயர் காலத்துப் பச்சைக்கல் குப்பி ஒன்று 2004ல் லண்டன் ஏலத்தில் சுமார் 29 லட்சம் பவுண்டுக்குப் போனது. சந்தையில் விலை இப்படி இருக்கும்போது யாராவது தானாக முன்வந்து தருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது ஏர்ல் இருக்கிறாரா?

இருக்கிறார், எட்டாவது ஏர்ல், 1993லிருந்து. பட்டம் இருக்கிறது, அதிகாரம் ஒன்றும் இல்லை. பிரபுக்கள் சபையில் பரம்பரையாக இருந்த இடமும் 1999ல் போய்விட்டது.

நேரில் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. பர்மிங்ஹாமிலிருந்து ஷ்ரூஸ்பரி வழியாக அபெரிஸ்ட்வித் போகும் ரயில் வெல்ஷ்பூலில் நிற்கும். ஊரிலிருந்து பூங்கா வழியாக ஒரு மைல் நடை. தோட்டத்தின் அடுக்கு மாடங்களும் மேகம் உருண்டு நிற்பதுபோல் வெட்டிவிட்ட ராட்சத யூ மரங்களும் பிரமாதம், அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். கோட்டையும் தோட்டமும் வெவ்வேறு நேரத்தில் திறப்பார்கள், கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் ஷ்ரூஸ்பரி சந்தைச் சதுக்கத்தில் ராபர்ட் கிளைவின் சிலை நிற்கிறது, 2020ல் அகற்றச் சொல்லிப் பெரிய கிளர்ச்சி நடந்தும் கவுன்சில் அதை எடுக்கவில்லை.